இடது பக்கம் படுத்தவன்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா சுகமாக இருக்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் கண்ணில் படுகிற திருகாணியை எல்லாம் இறுக்கிக்கொண்டிருக்கிறார். நேற்று குளியலறைக் கதவு திறக்கவே இல்லை. நான் உள்ளே இருந்தேன்.

கடிதம் எழுதுவது என் யோசனை இல்லை. நான் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெயின்ட் கடை மாடியில் கூடுகிறோம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். அப்போதுதான் பொறாமை வராதாம். பல் டாக்டரின் காரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது.

உள்ளே போனதும் ஃபோனைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். அடுத்த விதிதான் அநியாயம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம், அல்லது 'எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்லலாம். 'நீங்க இப்படிச் செய்யுங்க' என்று வாயெடுத்தால் மணி. ஹோட்டல் வரவேற்பு மேசையில் தட்டுவோமே, அந்த மணி. அதைத் தட்டுகிறவர் முன்பு பிஸ்கட் கம்பெனி நடத்தி விற்றுவிட்டு இப்போது எங்களை மேய்க்கிறார். எங்களுக்குள் அவர் பெயர் மணிக்காரர். அவர் மணியோடு என் பக்கம் அடிக்கடி எழுந்து வர வேண்டியிருந்ததால் பஸ் முதலாளி மணியை என் முன்னாலேயே நகர்த்தி வைத்துவிட்டார். "அவருக்கு அலைச்சல் மிச்சம்" என்றார்.

புத்தி சொல்வதற்கு மட்டுமில்லை, குறுக்கே பேசுவதற்கும் எனக்கு மணி உண்டு. ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் லாண்டரி அம்மா போன தடவை, "என்கிட்ட வேலை பாக்கிற பொண்ணுங்களைப் பாத்தா எனக்கு என்னமோ..." என்று இழுத்தார். "எரிச்சலா வருது, அதானே?" என்றேன். மணி. "இல்லைங்க, பாவமா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றார் அந்த அம்மா.

அன்றைக்குத்தான் மணிக்காரர் உன்னைப் பற்றிக் கேட்டார்.

"தம்பிகிட்ட பேசுறதுண்டா?"

"வாராவாரம் ஃபோன்ல பேசறேனே."

"அவர் என்ன சொல்லுவார்?"

யோசித்துப் பார்த்தேன். நீ 'ம்' என்பாய். அதைத்தான் சொன்னேன்.

"அப்ப எழுதுங்க. கடுதாசியில குறுக்க பேச முடியாது."

இனி விஷயம். நீ வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது, நம் மெத்தை ஃபாக்டரியின் உற்பத்திப் பொறுப்பில் இன்னும் சரியான ஆள் இல்லை. இதில் ஹோட்டல்காரர்கள் மெத்தைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள், படுத்தால் கை மரத்துப்போகிறதாம். ஷெட்டில் வரிசையாக நிற்கிறது. ஊரார் கை மரத்துப்போனால் மெத்தை என்ன செய்யும்? நீ இருந்தால் பார்த்துக்கொள்வாய். ஆகையால் ஜூன் மாதம் வந்துவிடு. ஃபாக்டரியில் உன் அறைக்கு இளநீலம் அடித்தாகிவிட்டது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லியாகிவிட்டது. அவளுடைய அம்மாவுக்குக் கணக்குப் பிரிவில் நாற்காலி போட்டாகிவிட்டது, சுழலும் நாற்காலி. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்: 'யோசிச்சுச் சொல்றேன்க்கா.' சிரமப்படாதே, அதையும் நானே யோசித்துவிட்டேன்.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் நலம். பாப்பாவுக்குச் சளி இருந்தது, போய்விட்டது. குளிர் இன்னும் போகவில்லை.

எனக்குக் கிடங்கில்தான் வேலை. பெட்டி வரும். அதன் மேல் ஒரு கருவியை நீட்டினால் சின்னதாகச் சத்தம் வரும். பிறகு அடுத்த பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. நல்ல வேலை.

ஜூன் மாதம் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்றார். கரண்டு பில்காரர்கள்கூட இதைவிட ஆசையாக எழுதுகிறார்கள். அதிலும் 'உங்கள்' 'சொல்லவும்' என்று மரியாதை வேறு. ஃபாக்டரியில் ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்று கூப்பிடச் சொன்னேன்தான். அது ஃபாக்டரிக்குள். கடுதாசியில் நான் உன் அக்காடா.

இந்தத் தடவை குழுவில் என் முறை. முறை வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தன் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். நான் ஃபாக்டரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாத கொடுமையை விரிவாக எடுத்து வைத்தேன். லாண்டரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "முன்னாடி ஒரு தடவை கேன்டீன் டீ சரியில்லைன்னீங்க. இப்ப பார்க்கிங். அடுத்தது என்னங்க, கால்மிதியா?" இதற்கு ஏன் மணி இல்லை என்று கேட்டேன். இது கேள்விதானே என்றார்கள்.

பிறகு பஸ் முதலாளி கேட்டார்: "உங்க ஃபாக்டரியில கடைசியா உங்ககிட்ட 'முடியாது'ன்னு சொன்னது யாரு?"

"எவ்வளவோ பேர்."

"ஒரு ஆளைச் சொல்லுங்க."

யோசித்தேன். ஸ்பிரிங் சுற்றும் பழைய மெஷின் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அது அவ்வப்போது நின்றுவிடும். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எனக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார்கள். ஃபாக்டரியில் யாராவது ஒருவரிடம் 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். தையல் பிரிவை நடத்துகிறாரே, மெத்தை ஓரத்துக்கு நாடா வைத்துத் தைக்கிற அம்மா, அவரைக் கூப்பிட்டேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எதைப் பத்தி மேடம்?"

"பொதுவா."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, மெஷினுக்கு அடியில் கிடந்த மாற்றுச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "நிறுத்தறதுன்னா மாசக் கடைசி வரைக்குமாவது விடுங்க மேடம்." இத்தனை வருஷத்தில் நான் அபிப்பிராயம் கேட்டதே இல்லையாம். கேட்டதும் கணக்குத் தீர்க்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இதை நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறேன். ஆனால் உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். முகம்தான் சிரிக்கிறது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. புது மெத்தையில் படுத்துப் பார்க்கிறேன், அதுவும் அப்படித்தான். முன்பெல்லாம் முதுகை வைத்ததும் சொல்லிவிடுவேன். இப்போது பஞ்சும் பலகையும் எனக்கு ஒன்றுதான். சாப்பாட்டில் உப்பில்லை என்று மாமா சொன்னால்தான் தெரிகிறது. டாக்டரிடம் போனேன், வயசு என்றார். குழுவில் பல் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

குழுவில் பேசுவது வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீ என்ன வெளி ஆளா? அதனால் எழுதுகிறேன். ஜூனுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா?

உன் அன்பு அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் வெளி ஆள்தான். அதனால் அங்கே மற்றவர்கள் பேசுவதை எனக்கு எழுத வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். போன வாரம் ஒரு பெட்டி காலில் விழுந்தது. சாயங்காலம் காலுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், நகம் கறுத்திருந்தது. வலி இல்லை. பாப்பாதான் அழுதாள். இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு வசதியாக இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? கை மரத்துப்போகிறது என்று சொல்கிறவர்கள் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பவர்கள்? விசாரித்தீர்களா?

தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னது சரி. மற்றவர்கள் கதையை இனி எழுதமாட்டேன். இது என் கதை, இதை எழுதலாம்.

உன் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு போய், என் முறை இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹோட்டல்களுக்கு ஃபோன் போட்டு முதலிலேயே விசாரித்துவிட்டேன். மரத்துப்போனதெல்லாம் இடது பக்கம் படுத்தவர்களுக்கு. வலது பக்கத்துக்காரர்கள் பக்கத்தில் சுகமாகக் குறட்டை விட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"புது மெத்தையை யாரு சோதிக்கிறது?"

"நான்தான். படுத்துப் பாப்பேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"இடது பக்கம்?"

"தம்பி."

"தம்பி போனப்புறம்?"

யாரும் இல்லை.

"தம்பி இருந்தப்ப என்ன சொல்லுவார்?"

"'நல்லா இருக்கு'ன்னு சொல்லுவான்."

"அவர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?" என்று லாண்டரி அம்மா கேட்டார்.

கீழே கடையில் பெயின்ட் கலக்குகிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்வேன் என்பது உனக்கே தெரியும். முதுகு மெத்தையில் படுவதற்கு முன்னாலேயே 'நல்லா இருக்குல்ல' என்பேன். எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

நேராக ஃபாக்டரிக்குப் போனேன். தையல் பிரிவு அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். அவர் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார், பழக்கம். ஷெட்டில் நின்ற ஒரு மெத்தையைக் கிடத்தி நான் இடது பக்கம் படுத்தேன். அவரை வலது பக்கம் படுக்கச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டே ஓரத்தில் சாய்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் கிடந்தோம். எழுந்தபோது எனக்குத் தோளிலிருந்து விரல் வரைக்கும் கை இல்லை.

"இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கும் மேடம்" என்றார் அந்த அம்மா. "பழைய மெஷின் சுத்துற ஸ்பிரிங் இறுக்கமா வரும். அந்த மெஷின், மெத்தை அடுக்குற மேசைக்கு இடது பக்கம்தானே இருக்கு. அதனால இடது பாதிக்கு அதைத்தான் எடுத்து அடுக்குவாங்க."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"சின்னவர் சொல்லுவார்னு இருந்தோம்."

"அவன் சொல்லவே இல்லையே."

"ஆரம்பிப்பார் மேடம். நீங்க முடிச்சுருவீங்க."

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. கையை உதறிக்கொண்டு நின்றேன். எறும்பு ஊர்வது மாதிரி மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது. கையில் மட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் முதலாளி இன்னொன்றும் கேட்டிருந்தார். நீ ஜூனில் வருகிறாய், அறைக்கு வர்ணம் அடித்தாயிற்று என்றெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேணுங்கிறது தம்பியா, மேனேஜரா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பதில் இல்லை, வழக்கமான பேச்சு. என் முன்னால் இருந்த மணியை நானே தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மேனேஜர் வேலைக்குத் தையல் பிரிவு அம்மாவைப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டேன் என்பது தப்பு. கேட்டேன். நாலு நாள் கழித்துச் சரி என்றார். அந்த நாலு நாளும் நான் எத்தனை தடவை தையல் பிரிவுப் பக்கம் போய் நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பினேன் என்பது மாமாவுக்குத்தான் தெரியும். வீட்டில் அவரைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தேன். இளநீல அறை இப்போது அந்த அம்மாவுடையது. பையை இன்னும் பிரிக்கவில்லை. பழைய மெஷினை முதல் நாளே நிறுத்தச் சொன்னார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் தாடை வலித்தது. அதற்குப் பல் டாக்டரிடம் போகவில்லை.

அதனால் தம்பி, அந்த வேலை இனி உனக்காகக் காத்திருக்கவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுழலும் நாற்காலியில் மாமா சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும் என்பது மணிக்காரர் விதி. இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் 'நல்லா இருக்குல்ல' என்றபோதெல்லாம், நீ சொல்ல வந்தது என்ன?

அக்கா


மே 9

அக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். வேலையில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எதிரே ஒருவர் ஃபோனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

ஸ்பிரிங் இறுக்கம் என்பது முதல் வருஷம் சொல்ல வந்தது. 'அக்கா, இந்தப் பக்கம்...' என்றேன். 'இந்தப் பக்கமும் நல்லா இருக்கா, அப்பச் சரி' என்று எழுந்துவிட்டாய். அடுத்த மெத்தையில் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு எனக்கு அந்த இறுக்கம் பழகிவிட்டது. பழகியது என்றால் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு சொல்ல வந்தது வேறு. எனக்கு மெத்தைத் தொழில் பிடிக்கவில்லை. எனக்கு எந்தத் தொழில் பிடிக்கும் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் இது இல்லை என்று தெரியும். நான் விலகிக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொல்ல நினைத்தேன். உன்னிடம் தனியாகப் பேச வேறு இடம் கிடையாது. புது மாடல் சோதிக்கிற அந்தக் கட்டில்தான். ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். 'அக்கா, எனக்கு...' என்றேன். 'பிடிச்சிருக்குல்ல' என்றாய்.

சில சமயம் நீ சொன்னதுதான் என் அபிப்பிராயம் என்று எனக்கே தோன்றிவிடும். கேட்பவர்களிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொன்ன மாதிரிகூட இருக்காது. ஒரு நாள் கடைசியில் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். விமான நிலையத்திலிருந்து ஃபோன் செய்தபோது, 'ஒரு மாறுதலுக்குப் போறே, அவ்வளவுதானே, போய்ட்டு வா' என்றாய். ம் என்றேன்.

நான் திரும்பி வரமாட்டேன். ஜூனில் இல்லை, பிறகும் இல்லை. கோபம் இல்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். வாராவாரம் ஃபோன் வேண்டாம். கொஞ்ச காலத்துக்கா, எப்போதுமா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

தையல் பிரிவு அம்மாவிடம் பழைய மெஷினை விற்க வேண்டாம் என்று சொல். இறுக்கத்தைக் குறைக்க அடியில் ஒரு திருகு இருக்கிறது. மாமாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

இங்கே எங்கள் கட்டிலில் நான் வலது பக்கம் படுக்கிறேன். வந்த முதல் நாளே பாப்பாவின் அம்மா, 'எந்தப் பக்கம் வேணும்?' என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்வரை நின்றாள்.

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. எழுதியதில் கை வலிக்கிறது. வலிக்கிறது என்பது தெரிகிறது.

தம்பி


மே 26

தம்பி,

உன் கடிதம் வந்தது. முழுவதும் படித்தேன். நடுவில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்று மாமா கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். பிறகு கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, திருப்புளியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

ஃபோன் செய்யமாட்டேன்.

இத்துடன் வெறும் காகிதம் கொஞ்சம் வைத்திருக்கிறேன். எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. உன்னிடம் இருக்கட்டும்.

அக்கா